கால்பந்துக் கிளப்புகளின் வயதுச் சான்றிதழ்

என் தாத்தாவுக்கு இரண்டு பிறந்தநாள்கள். ஜாதகத்தின்படி ஐப்பசி மாதம். பள்ளிச் சான்றிதழின்படி ஜூன் முதல் தேதி. பள்ளியில் சேர்க்க அழைத்துப்போனபோது, வலது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொல்லியிருக்கிறார் தலைமை ஆசிரியர். விரல் எட்டியது. எட்டினால் ஐந்து வயது ஆகிவிட்டது என்று பொருள். உடனே ஒரு தேதியை எழுதிக்கொண்டார். தாத்தா வேலையிலிருந்து ஓய்வு பெற்றது ஜூன் கணக்கில். அறுபதாம் கல்யாணம் செய்துகொண்டது ஐப்பசிக் கணக்கில். இரண்டு கணக்குக்கும் ஒன்றரை வருடம் உதைத்தது. வீட்டில் யாரும் அதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டதில்லை.

அந்த ஒன்றரை வருடம் எனக்கு நினைவுக்கு வந்தது இங்கிலாந்தில், ட்ரான்ஃபீல்ட் என்ற சிற்றூரில், ஒரு மதுவிடுதியை ஒட்டிய மைதானத்தில். அப்போது ஷெஃபீல்டில் படித்துக்கொண்டிருந்தேன். நான் குடியிருந்த வீட்டின் உரிமையாளர் ஓய்வுபெற்ற முதியவர். அந்த ஊரின் ஹாலம் என்ற கால்பந்துக் கிளப்பின் தீவிர ரசிகர். 'உலகத்திலேயே பழைய கிளப்பைப் பார்க்க வேண்டுமானால் தெற்கே பஸ் ஏறு. ஆனால் அவர்கள் சொல்வதையெல்லாம் நம்பிவிடாதே' என்று சொல்லி அனுப்பினார்.

போய்ப் பார்த்தேன். 'கோச் அண்ட் ஹார்ஸஸ்' விடுதி, அதன் பக்கத்தில் வேலி, வேலிக்குள் ஷெஃபீல்ட் எஃப்சி. கூட்டம் முந்நூறு பேர் இருந்தால் அதிகம். கோல்காப்பாளர் தன் அணிக்காரரையே திட்டுவது ஒரு எழுத்து பிசகாமல் காதில் விழுந்தது. காகிதக் கோப்பையில் தேநீர், வேலியில் கட்டிப்போட்ட ஒரு நாய், இரண்டாவது பாதி முழுக்கத் தூறல். ஷெஃபீல்ட் என்ற பெயர்தானே ஒழிய, மைதானம் இருப்பது பக்கத்து மாவட்டமான டார்பிஷையரில். சொந்த நகரத்தில் சொந்த இடமில்லாமல் 2001இல் இங்கே வந்து சேர்ந்தவர்கள். இந்தக் கிளப்புக்குத்தான் 2004இல் ஃபிஃபா தன் உயரிய விருதான 'ஆர்டர் ஆஃப் மெரிட்'டைக் கொடுத்தது. கிளப்புகளில் இந்த விருதைப் பெற்ற இன்னொன்று ரியல் மாட்ரிட். 2007இல் 150ஆவது ஆண்டு விழாவுக்கு இன்டர் மிலான் வந்து ஆடி 5-2 என்று ஜெயித்துவிட்டுப் போனது. பார்வையாளர் வரிசையில் பெலே உட்கார்ந்திருந்தார்.

1857 அக்டோபர் 24. நத்தானியேல் கிரெஸ்விக் என்ற வழக்கறிஞரும் வில்லியம் பிரெஸ்ட் என்ற ஒயின் வியாபாரியும் சேர்ந்து கிளப்பைத் தொடங்கிய நாள். இருவரும் கிரிக்கெட் ஆடுகிறவர்கள். குளிர்காலத்தில் உடம்பு துருப்பிடிக்காமல் இருக்க ஏதாவது வேண்டும் என்று நினைத்தவர்கள். முதல் அலுவலகம் ஒரு வீட்டுத் தோட்டத்தில் செடி வளர்க்கும் கண்ணாடிக்கூடம்.

எல்லாம் சரி, யாரோடு ஆடுவது? உலகத்தின் முதல் கிளப் என்றால் எதிரணி கிடையாது. ஆகவே தங்களுக்குள்ளேயே பிரிந்து ஆடினார்கள். கல்யாணமானவர்கள் ஒரு பக்கம், பிரம்மச்சாரிகள் ஒரு பக்கம். 1858ஆம் ஆண்டு விதிகளில் எனக்கு மிகப் பிடித்த ஒன்று இருக்கிறது: ஒவ்வொரு ஆட்டக்காரரும் சிவப்பு நிறத்தில் ஒன்றும் கருநீல நிறத்தில் ஒன்றும் ஃபிளானல் தொப்பி வைத்திருக்க வேண்டும், ஆட்டத்தின்போது ஒரு பக்கத்துக்கு ஒரு நிறம். ஏன் இரண்டு தொப்பி என்று யோசித்துப் பாருங்கள். இந்த வாரம் எந்தப் பக்கம் என்பது வந்து சேர்ந்த பிறகுதான் தெரியும். பிரம்மச்சாரியாக இருந்தவனுக்கு இடையில் கல்யாணமே ஆகியிருக்கலாம்.

ஷெஃபீல்டின் வயதை நான் நம்புவதற்கு ஃபிஃபாவின் விருதைவிட இந்தத் தொப்பி விதிதான் காரணம். பிற்காலத்தில் உட்கார்ந்து புராணம் எழுதுகிறவனுக்குத் தொப்பிக் கணக்கு தோன்றாது. ஆடிக்கொண்டிருப்பவனுக்குத்தான் தோன்றும். விதிகளின் கையெழுத்துப் பிரதி இருந்தது. 1859இல் அச்சடித்த சிறு விதிப் புத்தகம் இருந்தது. இன்றைக்கு எஞ்சியிருக்கும் ஒரே பிரதி என்று அறியப்பட்டது அது.

இருந்தது என்று இறந்தகாலத்தில் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2011 ஜூலையில் கிளப் இந்தக் காகிதங்களை லண்டனில் சோத்பீஸ் ஏலத்தில் விற்றுவிட்டது. 8,81,250 பவுண்டுக்குப் போனது. கிளப்பை வளர்ப்பதற்குப் பணம் வேண்டியிருந்தது. விற்கத் தகுந்ததாக அவர்களிடம் இருந்த ஒரே பொருள் தங்கள் பிறப்புச் சான்றிதழ். கேள்விப்பட்டபோது எனக்குத் திக்கென்றது. தாலியை அடகு வைத்துப் பிள்ளையைப் படிக்கவைத்த கதைகளைக் கேட்டு வளர்ந்தவன் நான். அதற்காகக் கோபப்படவும் முடியவில்லை.

சரி, 1857க்கு முன்னால் யாருமே இல்லையா? இருந்தார்கள். 1824இல் எடின்பரோவில் ஜான் ஹோப் என்ற பதினேழு வயது இளைஞர், சட்டம் படித்துக்கொண்டிருந்தவர், 'தி ஃபுட்-பால் கிளப்' என்று ஒன்றைத் தொடங்கினார். ஊர்ப் பெயர்கூட ஒட்டிக்கொள்ளவில்லை. ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது என்றால் அடைமொழி எதற்கு? உறுப்பினர் பட்டியல், சந்தாக் கணக்கு, பந்துக்கு உள்ளே வைக்கும் மாட்டுச் சவ்வுப்பைக்கும் மேலே தைக்கும் தோலுக்கும் ஆன செலவு, 1833இல் எழுதிய சில வரி விதிகள் என்று எல்லாமே ஸ்காட்லாந்தின் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. காலை இடறிவிடக் கூடாது என்று அந்த விதிகளே சொல்கின்றன. பிற்பாடு வழக்கறிஞராகி, மதுவிலக்குப் பிரசாரம் செய்து ஊரறிந்த மனிதரான ஹோப், ஒரு துண்டுச் சீட்டைக்கூட எறியாத சுபாவம் உள்ளவர். ஆனால் கிளப் 1841இல் முடிந்துபோயிற்று. ஆகவே முதலில் பிறந்தது எடின்பரோ, உயிரோடு இருப்பவர்களில் மூத்தது ஷெஃபீல்ட் என்று பிரித்துச் சொல்லிவிடலாம்.

ஆனால் ஒன்றைக் கவனித்தீர்களா? ஹோப்பும் வழக்கறிஞர், கிரெஸ்விக்கும் வழக்கறிஞர். எழுதி வைத்தால்தான் நிற்கும் என்று தொழிலே கற்றுக்கொடுத்த ஆட்கள். அதே காலத்தில் தெருவிலும் மேய்ச்சல் நிலத்திலும் ஆடிய கொல்லர்களும் சுரங்கத் தொழிலாளர்களும் எந்த நோட்டுப் புத்தகத்தில் சந்தா எழுதினார்கள்? 1835ஆம் ஆண்டின் நெடுஞ்சாலைச் சட்டம் சாலையில் கால்பந்து ஆடுகிறவர்களுக்கு அபராதம் விதித்தது. ஒரு சட்டம் போட்டுத் தடுக்கிற அளவுக்கு ஆள்கள் ஆடியிருக்கிறார்கள். அவர்களில் சிலர் வாராவாரம் ஒரே இடத்தில் கூடி, ஒரே பந்துக்குக் காசு போட்டிருந்தால், அதுவும் கிளப்தான். ஆனால் சான்றிதழ் இல்லை. பழைய கிளப் எது என்ற போட்டியே, பீரோ வைத்திருந்தவர்களுக்கு இடையில் நடக்கும் போட்டி.

பீரோ வைத்திருந்தவர்களிலும் ஷெஃபீல்டுக்கு உறுத்தலாக ஒரு காகிதம் உண்டு. ஷ்ரூஸ்பரி பள்ளியின் நூலகத்தில் 1856 என்று தேதியிட்ட விதித்தாள் ஒன்று இருக்கிறது. தலைப்பு, 'பல்கலைக்கழகக் கால்பந்துக் கிளப்பின் விதிகள்'. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம். அதாவது ஷெஃபீல்டுக்கு ஒரு வருடம் முன்பு, கிளப் என்ற சொல்லோடு, விதிகளோடு. கேம்பிரிட்ஜ்காரர்கள் இதை வைத்து மூத்தவர்கள் நாங்களே என்கிறார்கள். என் பார்வையில், அந்தத் தாள் ஒரு கிளப் இருந்தது என்பதைக் காட்டுகிறது. அதுவே அன்றுதொட்டு வருடம் தவறாமல் இன்றுவரை வந்தது என்பதற்கு வேறு தாள்கள் வேண்டும். மாணவர்கள் மூன்று வருடத்தில் போய்விடுவார்கள், அடுத்த கூட்டம் புதிதாகத் தொடங்கும். ஆனால் ஷெஃபீல்ட் ரசிகர் ஒருவர் இதை உரக்கச் சொன்னால், அவர் குரலில் லேசான பதற்றம் கேட்கும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

இன்னொரு கும்பல் வாசலில் நிற்கிறது. லண்டனின் கைஸ் மருத்துவமனைக் கிளப் 1843 என்கிறது. ஆதாரம் என்ன? 1883இல் அடித்த ஆட்ட அட்டவணையில் 'நாற்பதாவது பருவம்' என்று போட்டிருந்தது. கழித்துப் பார்த்தார்கள், 1843 வந்தது. இது கல்வெட்டு அல்ல, தலபுராணம். டப்ளின் டிரினிட்டி கல்லூரியின் கிளப் 1854. ஆஸ்திரேலியாவில் மெல்பர்ன் கிளப் 1858. கிரிக்கெட் வீரர் டாம் வில்ஸ் அந்த ஜூலையில் பத்திரிகைக்கு எழுதிய கடிதத்திலிருந்து பிறந்தது, அதுவும் குளிர்கால உடற்பயிற்சிக்காகத்தான். ஆனால் கைஸும் டிரினிட்டியும் ரக்பி ஆடுகிறவை. மெல்பர்ன் ஆடுவது ஆஸ்திரேலியக் கால்பந்து. அதனால் அவற்றைப் பட்டியலில் சேர்ப்பதில்லை.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. இன்றைய கால்பந்தின் தாய்ச் சங்கமான எஃப்ஏ தொடங்கியது 1863 அக்டோபர் 26, லண்டனின் ஃபிரீமேசன்ஸ் டேவர்ன் விடுதியில். 1857இல் ஷெஃபீல்ட் ஆடிய ஆட்டத்தில் பந்தைக் கையால் பிடிக்கலாம், எதிரியைக் கையால் தள்ளலாம். எஃப்ஏவில் சேர்ந்த பிறகும் தங்கள் சொந்த விதியில்தான் ஆடிக்கொண்டிருந்தார்கள். 1877இல்தான் அதைக் கைவிட்டார்கள். கறாராகப் பார்த்தால் ஷெஃபீல்டும் அன்றைக்கு 'கால்பந்து' ஆடவில்லை. தாராளமாகப் பார்த்தால் ரக்பிக்காரர்களையும் உள்ளே விட வேண்டும். கோட்டைக் கச்சிதமாக ஷெஃபீல்டின் காலடியில் போட்டிருக்கிறார்கள் என்று கைஸ்காரர் ஒருவர் முணுமுணுத்தால், பதில் சொல்வது எளிதல்ல.

நான் சொல்லும் பதில், ரத்த உறவு. கார்னர் கிக் ஷெஃபீல்ட் விதியிலிருந்து எஃப்ஏ விதிக்குப் போனது. இரண்டு ஓடைகளும் கலந்துதான் இன்றைய ஆட்டம் ஆனது. ரக்பி பிரிந்துபோன கிளை. ஷெஃபீல்ட் வந்து சேர்ந்த கிளை. முகஜாடை கொஞ்சம் மாறியிருந்தாலும் பாட்டி பாட்டிதானே.

இங்கிலாந்தை விட்டு ஸ்பெயினுக்குப் போனால் என் தாத்தாவின் கதை அப்படியே காத்திருக்கிறது. செவியா கிளப் அரசாங்கத்தில் பதிவானது 1905 அக்டோபர் 14. அந்தக் கணக்கில் 2005இல் பாட்டுப் போட்டு, கொண்டாடி, நூற்றாண்டு விழா எடுத்தார்கள். அதன் பிறகு ஒரு பழைய ஸ்காட்லாந்துப் பத்திரிகை இணையத்தில் அகப்பட்டது: 1890 மார்ச் மாத 'டண்டி கூரியர்'. செவியாவில் வேலை பார்த்த பிரித்தானிய இளைஞர்கள், பெரும்பாலும் ஸ்காட்லாந்துக்காரர்கள், ஒன்றுகூடிக் கொஞ்சம் பீரும் நிறையப் பேச்சுமாகக் கிளப் தொடங்கிய செய்தி அதில் இருந்தது. கூடிய நாள் ஜனவரி 25, ஸ்காட்லாந்தின் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸின் பிறந்தநாள். கையில் கோப்பை இருந்ததில் வியப்பில்லை. பிறந்த ஆண்டு 1890 ஆகிவிட்டது. 2005இல் நூறு வயது கொண்டாடிய கிளப் 2020இல் நூற்று முப்பது கொண்டாடியது. 1905 தலைமை ஆசிரியர் போட்ட ஜூன் 1. 1890 பெட்டியடியில் கிடைத்த ஜாதகம். நடுவில் உள்ள பதினைந்து வருடமும் அதே கிளப் மூச்சுவிட்டுக்கொண்டிருந்ததா என்பதில்தான் சண்டை.

அத்தனை பாடுபட்டும் செவியாவால் முதலிடம் பிடிக்க முடியவில்லை. பக்கத்து வெல்வா நகரத்தின் ரெக்ரியாட்டிவோ கிளப் பிறந்தது 1889 டிசம்பர் 23. முப்பத்து மூன்றே நாள் மூத்தவர்! 1890 மார்ச் 8 அன்று இரண்டும் மோதின, செவியா 2-0. அதன் பிறகு செவியா தரப்பில் புதிய வாதம் ஒன்று: அவர்கள் எல்லா விளையாட்டுக்குமான பொழுதுபோக்குச் சங்கம், கால்பந்துக்கென்றே தொடங்கியவர்கள் நாங்கள்தான். பங்காளிச் சண்டையில் வாதத்துக்கா பஞ்சம்?

இந்த எல்லா விளையாட்டுச் சங்கம் என்ற விஷயம் ஜெர்மனிக்குப் போனால் பெரிதாகிவிடும். போஹும் கிளப் தன் பெயரிலேயே 1848 என்று வைத்திருக்கிறது. மியூனிக்கின் ஒரு கிளப்புக்கு 1860 என்பதுதான் பெயரே. இரண்டுமே உடற்பயிற்சிக் கழகங்களாகப் பிறந்தவை. மியூனிக்காரர்கள் கால்பந்துப் பிரிவு தொடங்கியது 1899இல். கொல்கத்தாவில் கல்கத்தா கிரிக்கெட் அண்ட் ஃபுட்பால் கிளப் 1792 என்று சொல்லிக்கொள்கிறது. அது கிரிக்கெட்டின் வயது, கால்பந்துக் கிளப் அதோடு இணைந்தது 1965இல்தான். கூட்டுக் குடும்பத்தில் பெரியப்பாவின் வயதைச் சொல்லி மரியாதை வாங்குவது மாதிரி. நான் இதைக் குறையாகச் சொல்லவில்லை, ஆனால் கால்பந்து வரிசையில் முன்னால் நிற்க இடம் தரமாட்டேன்.

எனக்கு உண்மையிலேயே எரிச்சல் மூட்டுவது கிரிஸ்டல் பேலஸ். அந்தப் பெயரில் 1861இல் ஒரு கிளப் இருந்தது உண்மை. எஃப்ஏ தொடங்கியபோது அங்கே இருந்த கிளப்புகளில் ஒன்று. 1871-72இல் முதல் எஃப்ஏ கோப்பையில் அரையிறுதி வரை போனது. 1876க்குப் பிறகு ஆளைக் காணோம். 1905இல் அதே கண்ணாடி மாளிகை வளாகத்தில், அதே பெயரில், தொழில்முறைக் கிளப் ஒன்று தொடங்கியது. இன்று பிரீமியர் லீக்கில் நாம் பார்ப்பது அதைத்தான். 2020இல் கிளப் நிர்வாகம், இரண்டுக்கும் பின்னால் இருந்தது ஒரே கம்பெனிதான், ஆகவே எங்கள் பிறந்த ஆண்டு 1861 என்று அறிவித்துவிட்டது. 2022இல் சின்னத்திலும் அந்த ஆண்டு ஏறியது. கால்பந்து வரலாற்றாளர்கள் பலர் இதை ஏற்கவில்லை.

நம் வீடுகளில் தாத்தாவின் பெயரைப் பேரனுக்கு வைப்போம். பெயரன் என்பதுதான் பேரன் ஆயிற்று என்பார்கள். பெயர் அதே, வீடு அதே, மூக்குகூட அதே. அதற்காகப் பேரன் முதியோர் பென்ஷனுக்கு மனுப் போடுவதில்லை. 1876க்கும் 1905க்கும் இடையே ஆட்டம் ஆடிய, சந்தா வசூலித்த, ஒரு செயலாளரையாவது வைத்திருந்த கிளப்பைக் காட்டுங்கள். நான் வாயை மூடிக்கொள்கிறேன்.

இந்தப் பரபரப்புக்கு ஒரு காரணம் 2019இல் காலியான நாற்காலி. 1862இல் பிறந்த நாட்ஸ் கவுண்ட்டி, உலகின் மிகப் பழைய தொழில்முறைக் கிளப், யுவெண்டஸுக்குக் கறுப்பு வெள்ளைச் சட்டையைக் கொடுத்த கிளப், அந்த ஆண்டு ஆங்கிலேய லீக்கை விட்டே கீழே இறங்கிவிட்டது. லீக்கில் மிச்சமிருப்பவர்களில் மூத்தவர் யார்? ஸ்டோக் சிட்டி தன் ஆண்டு 1863 என்கிறது, ஆனால் காகிதத்தில் முதலில் தென்படுவது 1868இல். அதை ஏற்காவிட்டால் 1865இல் பிறந்த நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட். வேல்ஸின் ரெக்ஸம் பல காலம் 1873 என்று போட்டுக்கொண்டிருந்து, பழைய பத்திரிகைச் செய்திகளின் பலத்தில் 1864க்கு நகர்ந்தது. அது மட்டும் எனக்கு நியாயமாகப் படுகிறது. 2023இல் நாட்ஸ் கவுண்ட்டியும் ரெக்ஸமும் சேர்ந்தே லீக்குக்குத் திரும்பி வந்தன. நாற்காலி மறுபடி நிரம்பிவிட்டது.

ட்ரான்ஃபீல்டிலிருந்து அன்று இரவு திரும்பியபோது வீட்டுக்காரர் சமையலறையில் காத்திருந்தார். ஈரக் கோட்டைக் கழற்றுவதற்குள், 'பார்த்தாயா?' என்றார். அடுத்த சனிக்கிழமை அவரே என்னை சாண்டிகேட்டுக்கு அழைத்துப்போனார். ஷெஃபீல்டின் மேற்குப் பகுதியில் மேட்டுநிலத்தில் இருக்கும் ஹாலம் கிளப்பின் மைதானம். 1860இல் தொடங்கிய கிளப், அன்றிலிருந்து அதே மண். உலகின் மிகப் பழைய கால்பந்து மைதானம் என்று கின்னஸ் புத்தகம் சொல்கிறது. தரை அப்படி ஒரு சரிவு. ஒரு பக்கம் ஆடும்போது பந்து தானாக ஓடுகிறது, மறுபக்கம் அதைத் தள்ளிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது.

வேலியோரம் நின்று அவர் தன் வழக்கை முன்வைத்தார். ஷெஃபீல்ட் பழைய கிளப்தான், அவர் மறுக்கவில்லை. ஆனால் மூன்று வருடமாகக் கல்யாணமானவனும் ஆகாதவனும் தங்களுக்குள் மாற்றி மாற்றி உதைத்துக்கொண்டிருந்ததற்குப் பெயர் கிளப்பா? இரண்டாவது கிளப் வந்தால்தானே முதலாவது கிளப்புக்கு வேலை? 1860 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், அவர்கள் இங்கே சாண்டிகேட்டுக்கு வந்து ஹாலமோடு ஆடினார்கள். உலகத்தில் இரண்டு கிளப்புகள் ஒன்றோடொன்று மோதிய முதல் ஆட்டம். இதோ, நீ நிற்கிறாயே, இந்த மண்ணில். அன்றைக்குத்தான் கால்பந்துக் கிளப் என்ற ஒன்று பிறந்தது. அதற்கு ஹாலமும் சரிபாதிப் பெற்றோர்.

வாதம் எனக்குப் பிடித்திருந்தது. இன்றும் பிடித்திருக்கிறது. அந்த ஆட்டத்தில் யார் ஜெயித்தார்கள் என்று கேட்டேன்.

அவர் சரிவின் கீழ்மூலையையே பார்த்துக்கொண்டிருந்தார். தேநீர் வாங்கி வருகிறேன், சர்க்கரை எத்தனை கரண்டி என்று கேட்டுவிட்டு நகர்ந்தார். வீட்டுக்கு வந்து நானே தேடிப் பார்த்துக்கொண்டேன். ஷெஃபீல்ட், 2-0.